வற்கடம் தந்த வரவுகள்
(பழனி மலைத்தொடரும் பருவங்களும்)

தமிழகத்திற்குச் சமணம் வந்த வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் ஆசாரியர்களையும் விரிவாகப் பேசுவர். மழையைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆயினும் நம் மரபு போற்றிவரும் முதற்செய்தியே மழை பொய்த்த செய்திதான். வடநாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் வரவிருப்பதை முன்னுணர்ந்த பத்திரபாகு முனிவர், தம் சங்கத்தாரைத் தெற்கு நோக்கிச் செலுத்தினார் என்பதும், அச்சங்கம் சிரவணபெளகொளவை அடைந்தது என்பதும் அம்மரபு. அவர்தம் மாணவர் விசாக முனிவர் அங்கிருந்து சோழ, பாண்டிய நாடுகளுக்குச் சென்று அறம் உரைத்தார் என்று இராஜாவளி கதே என்னும் கன்னட நூல் கூறும். இந்நிகழ்ச்சிகளின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், சிரவணபெளகொளவின் சந்திரகிரிக் குன்றில் கி.பி. 600ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட கல்வெட்டே பன்னீராண்டு இடரைக் குறிப்பிடுவதால், மரபு பழைமையானது என்பதில் ஐயமில்லை.

தமிழ் மரபும் இதற்கு இணையான செய்திகளைத் தருகிறது. பாண்டிய நாட்டைப் பன்னீராண்டு வற்கடம் வாட்டியபோது, அரசன் புலவர்களை அழைத்து, வேறு நாடு சென்று பிழைத்து நாடு செழித்தபின் மீளுமாறு வேண்டினான் என்று இறையனார் களவியல் உரை கூறும். வற்கடம் என்பது வறட்சியால் வரும் பஞ்சத்தைக் குறிக்கும் பழஞ்சொல். நாலடியார் தோன்றிய கதையும் அத்தகையதே. பஞ்சத்தால் தம் நாடு நீங்கிப் பாண்டியனை அடைந்த எண்ணாயிரம் முனிவர், விடைபெறும்போது ஆளுக்கொரு பாடல் எழுதி வைத்துச் சென்றனர் என்பது அக்கதை.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து எண்ணும்போது ஓர் உண்மை புலனாகிறது. பருவம் மாறும்போது மனிதன் இடம் பெயர்கிறான். பெயர்ந்த இடத்தில் அவன் எவ்வளவு எடுத்துக்கொள்கிறான், எவ்வளவு விட்டுவைக்கிறான் என்பதில் அவனது அறம் வெளிப்படுகிறது. இதனைப் பழனி மலைத்தொடரின் வரலாற்றில் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் பருவமும்

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே நீளும் கிளையே பழனி மலைத்தொடர். அதன் மேல்தளத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. சித்திரை, வைகாசியில் இடிமழையும், ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் இம்மலைக்கு உண்டு. இவற்றுள் மிகுதியாகப் பெய்வது இறுதியிற் கூறிய வடகிழக்குப் பருவமழையே. மார்கழி, தையில் உறைபனி விழும். தொல்காப்பியர் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பெரும்பொழுதாக வகுத்தார். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் கொடைக்கானலில் சில நாள் தங்கியோர்க்கு அவ்விலக்கணத்திற்கு உரை வேண்டியதில்லை.

இம்மலையின் அடிவாரத்தை ஆண்ட ஆவியர் குடியினன் வையாவிக் கோப்பெரும் பேகன். குளிரால் நடுங்குவதாகக் கருதி மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் அவன். குளிர் தனக்கு எத்தகையதோ அத்தகையதே பிற உயிர்க்கும் என்னும் அவ்வுணர்வு, கொல்லாமையைப் பேரறமாகக் கொண்ட நமக்கு நெருக்கமானது.

வடசரிவில் பெய்யும் மழை பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு வழியே அமராவதியையும் காவிரியையும் சேர்கிறது. தென்சரிவில் பெய்யும் மழை வராகநதி, மஞ்சளாறு, மருதாநதி வழியே வைகையைச் சேர்கிறது. ஒரே மலையின் முகில், இரு பேராற்று நாடுகளுக்கு உணவாகிறது.

அயிரை மலையில் ஓர் அடிகளுக்குச் சோறு

பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டிக்கு அருகில், மழை குறைந்த அடிவார நிலத்தில் நிற்கும் குன்று ஐவர்மலை. பாண்டவர் ஐவர் தங்கியதால் வந்த பெயர் என்பது மக்கள் வழக்கு. கல்வெட்டு இதனைத் திருவயிரை என்றே குறிக்கிறது. இயற்கையாய் அமைந்த நீண்ட குகைத்தளத்தின் மேற்பாறையில் பதினாறு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. தென்பாண்டி நாடெங்கும் திருமேனிகளைச் செய்வித்த அச்சணந்தியின் பெயர் இங்கும் காணப்படுகிறது.

இங்குள்ள கல்வெட்டுகளுள் தலையாயது சகம் 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு அது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், திருவயிரையில் இருந்த பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கியர் திருமேனியையும் புதுக்கி, 505 காணம் பொன் வைத்தார் என்று அது கூறுகிறது. அப்பொன் எதற்காக? திருமேனிகளுக்கு அவிப்படையலுக்காகவும், அடிகள் ஒருவருக்குச் சோற்றுக்காகவும்.

ஒருவருக்கு மட்டும்! பாண்டியப் பேரரசின் காலத்தில், ஒரு துறவியின் ஒருவேளை உணவுக்கு முதல் வைத்து, அதனைக் கல்லில் வெட்டி உறுதி செய்திருக்கின்றனர். மழை பெய்தாலும் பொய்த்தாலும் அக்குகையில் ஓர் உயிர் பசியாதிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிறிய அளவு, நெடிய காலம். பஞ்சத்தை வரலாறாகக் கொண்ட சமயம் பஞ்சத்திற்கு எதிராக வைத்த காப்பு இதுவே.

சாதுர்மாஸ்யத்தின் பொருளும் இத்தகையதே. மழைக்காலத்தில் புல்லும் பூச்சியும் புழுவும் பெருகும். நடப்பார் காலடியில் எண்ணற்ற உயிர்கள் மடியும். ஆதலின் முனிவர் ஆடித்திங்கள் தொடங்கி ஏறத்தாழ நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குவர். இல்லறத்தாரும் கீரை வகைகளை நீக்கி, நீரை வடித்துப் பருகி, பொழுது சாயுமுன் உண்பர். பாண்டிய நாட்டுக் குன்றுகளின் குகைத்தளங்கள் பலவற்றின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டப்பட்டுள்ளது. பாறையின் இயல்பை மாற்றாது, விரலளவு பள்ளம் ஒன்றால் மழையை விலக்கிக்கொண்ட கைத்திறம் அது.

தாது வருடமும் சூரியனும்

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இம்மலைக்கு வந்தோரையும் பருவமே அனுப்பியது. மதுரையில் 1834ஆம் ஆண்டு பணி தொடங்கிய அமெரிக்கக் கிறித்துவ ஊழியர், சமவெளியின் வெம்மையாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அடுத்தடுத்து மாண்டனர். நலம் தேடிய அவர்கள் 1845ஆம் ஆண்டு கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டிக் குடியேறினர். பின்னர் மதுரை ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்சு 1863ஆம் ஆண்டு கரை எழுப்பி ஏரியை உருவாக்கினார். கோடையிலிருந்து தப்ப வந்தோரின் ஊராகக் கொடைக்கானல் வளர்ந்தது.

அடுத்த வரவு இன்னும் கொடிய பஞ்சத்தால் நேர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் கும்மிப் பாடல்களாகப் பாடிவைத்தனர். இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் அமைந்த பஞ்சக் குழு, பருவமழையின் போக்கை அறியச் சூரியனை ஆராய வேண்டும் என்று பரிந்துரைத்தது. சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் மழை கூடிக் குறைவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அக்கால அறிஞர் கருதினர். மிச்சி சுமித் என்னும் வானியலறிஞர் மலைகளை ஆராய்ந்து கொடைக்கானலைத் தெரிந்தெடுக்க, 1895இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் இயங்கத் தொடங்கியது. இங்குதான் 1909இல் எவர்செட்டு, சூரியப் புள்ளிகளில் வளிமப் பொருள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்றும் உலக ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.

சூரியப் புள்ளிகளை மட்டும் கொண்டு நம் மழையைக் கணிக்க இயலாது என்பது பின்னர்த் தெளிந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்த ஊசலாட்டத்துடன் நம் பருவமழை தொடர்புடையது என்று காட்டினார். இன்று எல் நினோ என்று செய்தித்தாள்களில் நாம் படிப்பது அதனோடு பின்னிப் பிணைந்த கடல் வெம்மையே. பஞ்சத்தில் மடிந்தோரை அது மீட்டுத் தரவில்லை. ஆயினும் அவர்களுடைய துயரத்தினின்று ஓர் அறிவுமரபு பிறந்தது.

இன்றைய வரவு

இன்றும் வெயிலே மனிதரை மலைக்கு அனுப்புகிறது. கோடை விடுமுறையில் ஏறும் வாகனங்களின் பெருக்கத்தால், சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அதே கோடையில் மேல்மலைக் காடுகள் தீப்பற்றி எரிந்தன. அதற்கு ஆறாண்டு முன், குறிஞ்சி பூத்த 2018ஆம் ஆண்டின் நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், மலைச்சாலைகளில் மரங்களைச் சாய்த்து மண்ணைச் சரித்தது. சிற்றூர்கள் பல நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன.

இவ்விடர்களை முதலில் தாங்குவோர் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி ஆகிய மேல்மலை ஊர்களின் உழவர். அவர்களுடைய பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பூண்டும் கிழங்கும் நம் நோன்பிற்கு ஒவ்வாதனவே. ஆயினும் அவ்வுழவரின் அறிவு போற்றத்தக்கது. விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாய்த் தொங்கவிட்டுப் புகைமூட்டிக் காப்பர். ஈரம் மிகுந்த மலையில் அடுத்த போகத்திற்கு விதை காக்கும் வழி அது. பருவம் தவறிய ஒரு பெருமழை, அல்லது ஓரிரவு உறைபனி, அவர்தம் பல மாத உழைப்பை அழித்துவிடும்.

மலையும் முன்போல் இல்லை. மேல்தளத்தின் புல்வெளிகளும் அவற்றிடையே உள்ள சோலைக்காடுகளும் மழையை உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக நீர் விட்டுக்கொண்டிருந்தன. சென்ற நூற்றாண்டில் அப்புல்வெளிகளின் பெரும்பகுதியில் விறகிற்கும் ஆலைக்கூழுக்கும் தைலமரமும், பட்டையால் தோல் பதனிடுவதற்கு வாட்டில் மரமும் நடப்பட்டன. தோற்பொருளை விலக்கும் நாம் இச்செய்தியைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். எங்கோ பதனிட்ட தோலுக்காக இம்மலையின் புல்வெளி மறைந்தது. புல்வெளி மறைந்தபோது அடிவாரத்து ஆறுகளின் கோடைநீரும் குறைந்தது. ஒரு செயலால் விளையும் இம்சை, செய்த இடத்தோடு முடிவதில்லை.

நாம் செய்யத்தக்கன

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் திசைவிரதமும் அநர்த்ததண்ட விரதமும் அடங்கும். முன்னது, செல்லும் திசைக்கும் தொலைவுக்கும் எல்லை வகுத்துக்கொள்வது. பின்னது, பயனின்றிச் செய்யும் தீங்குகளை ஒழிப்பது. வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், மரஞ்செடிகளை வெட்டுதல், வீணே அலைதல் ஆகியவை அத்தீங்குகளுள் அடங்கும். இரத்தினகரண்டகமும் அதன்வழித் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பும் நமக்கு இவ்விரதங்களை விளக்குகின்றன. கொடைக்கானலின் இன்றைய இடர்களை நிரல்படுத்தினால் அப்பட்டியலே மீண்டும் வரும்.

ஆகவே மூன்றினை நம் குடும்பங்களுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன். கோடை நெரிசலிலும் ஐப்பசி அடைமழையிலும் மலைச்சுற்றுலாவைத் தவிர்ப்பதைத் திசைவிரதமாக ஏற்கலாம். சாதுர்மாஸ்ய காலத்தில் ஊர்தோறும் நம் ஜினாலயக் கேணிகளையும் குளங்களையும் பேண ஒரு சிறு முதல் ஒதுக்கலாம். சாந்திவீரக் குரவரின் 505 காணம் அதற்கு முன்மாதிரி. தைத்திங்களில், மழையும் வெயிலும் மிகாத நாள்களில், இளைஞரை ஐவர்மலைக்கு அழைத்துச் சென்று அக்கல்வெட்டின் பொருளை எடுத்துரைக்கலாம். சிற்பங்களில் எண்ணெயோ சுண்ணமோ பெயரெழுத்தோ படாமல் காக்கும் பொறுப்பையும் அங்கேயே உணர்த்தலாம்.

பூசையின் நிறைவில் நாம் ஓதும் சாந்தி பாடம், உரிய காலத்தில் மழை பொழியவும் பஞ்சமும் பிணியும் உலகைவிட்டு நீங்கவும் வேண்டுகிறது. பன்னீராண்டுப் பஞ்சத்தை நினைவிற் கொண்ட முன்னோர், எல்லா உயிர்க்குமாக வைத்த வேண்டுதல் அது. அதனை நாவால் ஓதும் நாம் நம் நடையாலும் ஓதுவோமாக.

அறம் ஓங்குக! மாரி வழங்குக!