மூட்டு தேய்மானத்துக்கு எம்ஆர்ஐ அவசியமா? ‘ஜவ்வு’ பற்றி ஸ்கேன் சொல்வது என்ன?

முட்டி வலி என்று போனால் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். சிலருக்கு அடுத்து எம்ஆர்ஐ. ரிப்போர்ட்டில் ‘ஏசிஎல் சிதைவு’ என்று ஒரு வரி இருந்தால் போதும், "ஜவ்வு போச்சு, இனி ஆபரேஷன்தான்" என்று வீடே பதறிவிடும். அந்த வரிக்கு என்ன அர்த்தம்?

எந்த ஜவ்வு?

பேச்சுவழக்கில் மூன்று வேறு பொருட்களை ஜவ்வு என்கிறோம். ஒன்று, எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. மூட்டு தேய்மானத்தில் முக்கியமாகத் தேய்வது இதுதான். இரண்டாவது, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ். மூன்றாவது, எலும்போடு எலும்பைக் கட்டி வைக்கும் தசைநார், அதாவது லிகமெண்ட். முழங்காலில் முக்கியமான தசைநார்கள் நான்கு. அதில் ஒன்றுதான் ஏசிஎல்.

எம்ஆர்ஐயில் என்ன தெரியும்?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூட்டு இடைவெளி குறைந்திருப்பது தெரியும். தசைநார் தெரியாது. எம்ஆர்ஐ, காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் வைத்து மென்மையான பாகங்களையும் படமாக்குகிறது. எக்ஸ்ரே கதிர்வீச்சு இதில் கிடையாது.

நல்ல தசைநார் கறுப்புப் பட்டையாகத் தெரியும். சிதைவு வந்தால் தடித்து, உள்ளே வெளிறிய கோடுகள் தெரியும். நார்களுக்கு இடையே கூழ் போன்ற பொருள் சேர்வதுதான் காரணம். ரிப்போர்ட்டில் இது ‘மியூக்காய்டு டிஜெனரேஷன்’ என்று இருக்கும். இதில் நார்கள் அறுந்துபோவதில்லை. கிழிந்திருந்தால் பட்டையின் தொடர்ச்சியே விட்டுப்போயிருக்கும். இரண்டும் வேறு வேறு.

அடிபடாமலே ஏசிஎல் கெடுமா?

கெடலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த, 2005ல் வெளியான ஆய்வில், வலியோடு மூட்டு தேய்மானம் இருந்தவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு ஏசிஎல் முழுதாக அறுந்திருந்தது. அவர்களில் பலருக்கு முட்டியில் அடிபட்ட ஞாபகமே இல்லை.

ஸ்கேனில் தெரிவதுதான் வலிக்குக் காரணமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயதுக்குட்பட்ட 991 பேரை ஸ்கேன் செய்த ஆய்வு 2008ல் வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முட்டி வலியே இல்லை.

யாருக்கு எம்ஆர்ஐ தேவை?

45 வயதைத் தாண்டி, நடந்தால் வலி, காலையில் விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை என்றால், ஸ்கேன் இல்லாமலே தேய்மானத்தைக் கண்டறியலாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

முட்டி திடீரென லாக் ஆகிறது, நடக்கும்போது நழுவுகிறது, விழுந்து அடிபட்டது, எக்ஸ்ரேக்குப் பொருந்தாத கடும் வலி ஆகியவை இருந்தால் எம்ஆர்ஐ உதவும். மூட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் ஆபரேஷனுக்கு முன்பும் இது பயன்படலாம். அதற்கு பொதுவாக ஏசிஎல் நன்றாக இருக்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

"இந்த ஸ்கேன் எடுத்தா சிகிச்சை மாறுமா?", "கெட்டிருப்பது எந்த ஜவ்வு? சிதைவா, கிழிசலா?" என்று கேளுங்கள். பேஸ்மேக்கரோ, உடலில் உலோகமோ இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட் எப்படி இருந்தாலும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் தேய்மானத்துக்கு அடிப்படை சிகிச்சை.