காம்பியா ஆற்றுத் தீவும் காகிதம் வாங்கச் சென்ற ஹாபிழும்

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுக்கு விடுமுறையில் செல்வோரிற் பெரும்பாலோர் அட்லாண்டிக் கடற்கரையை நாடியே செல்கின்றனர். ஓர் ஆற்றின் இரு கரைகளையே நாடாகக் கொண்ட அச்சிறு தேசத்து மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். வாஸு என்னுமிடத்துப் பண்டைக் கல்வட்டங்களும் காணத்தக்கவையே. எனினும், வரலாற்றை அறிய விழைவோர் முதற்கண் காண வேண்டியது ஆற்றின் நடுவே அரிக்கப்பட்டுக் குறுகிவரும் ஒரு தீவையாகும்.

ஜுஃபூரே, அல்பிரேதா ஆகிய ஊர்களிலிருந்து படகில் அங்கே செல்லலாம். 1651இல் பால்டிக் கடலோரக் கூர்லாந்து நாட்டார் அங்குக் கட்டிய கோட்டையை 1661இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, ஜேம்ஸ் தீவு என்றனர். பொன்னும் தந்தமும் வாங்க வந்தோர் மனிதரையும் வாங்கலாயினர். 2003இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிய அத்தீவு, 2011 முதல் குன்டா கின்டேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இடிந்த சுவர்களும், நம் இராமநாதபுரத்தார் பொந்தன்புளி என்றழைக்கும் பருத்த மரங்களுமே இன்று எஞ்சியுள்ளன.

இவ்வாற்றங்கரையில்தான் அய்யூப் இப்னு சுலைமான் பிடிபட்டார். புந்து நாட்டு இமாம் ஒருவரின் மைந்தர். இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்தவர். 1731இல் தந்தையார் அவரை அனுப்பியது காகிதம் முதலியன வாங்குவதற்கு. அதற்குரிய பொருள் திரட்ட அவர் விற்கக் கொண்டுசென்றதோ இரண்டு அடிமைகளை! விற்றுத் திரும்பும் வழியில் மாண்டிங்கோ இனத்தார் சிலர் அவரைப் பிடித்துத் தாடியை மழித்து, எந்தக் கப்பல் தலைவனிடம் அவர் முன்னர் விலை பேசினாரோ அவனிடமே அவரை விற்றனர்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் புகையிலைத் தோட்டத்துக்கு விற்கப்பட்டார். மறைவில் தொழச் சென்றால் ஒரு வெள்ளைச் சிறுவன் முகத்தில் மண்ணை வீசுவானாம். அவர் தந்தைக்கு எழுதிய அரபுக் கடிதம் தந்தையைச் சேராமல் இலண்டனை அடைந்தது; அதுவே அவர் விடுதலைக்கு வழியாயிற்று. 1733இல் இங்கிலாந்து சேர்ந்த அய்யூப், முன் பிரதி ஏதுமின்றித் திருக்குர்ஆனை மும்முறை எழுதி முடித்தார். 1734இல் இதே தீவுக் கோட்டைக்கு மீண்டார்; அதற்குள் தந்தையார் காலமாகிவிட்டார்.

அவரைப் போற்றும் நம்மவர் இவ்வளவோடு நிறுத்திவிடுவதுண்டு. அது நேர்மையன்று. ஊர் மீண்ட சில நாள்களிலேயே அவர் தம்மிடமிருந்த சரக்கைக் கொடுத்து இரு குதிரைகளும் ஓர் அடிமைப் பெண்ணும் வாங்கினார் என்று, அப்போது அங்கிருந்த ஆங்கிலக் கம்பெனி ஊழியர் பிரான்சிஸ் மூர் எழுதி வைத்துள்ளார். அப்பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை.