மூணு ராஜாக்கள் மேடையை விட்டு இறங்கினால்

எங்க ஊர் கொடைரோடு. கொடைக்கானல் போறவங்க ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிக்கிற ஊர்னு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கே இருக்கிற நண்பன் ஒருத்தன் கேட்டான்: "நம்ம கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தை, லீவுல படிக்கிற மாதிரி ஒரு சின்ன நாவலா எழுதினா என்னடா?" இதுக்கு முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களான்னு தேடினேன். மூணு வழி கிடைச்சுது. மூணுலயும் அதே மூணு ராஜாக்கள்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் அவர்கள் மூன்று பேர் என்று இல்லை. ராஜாக்கள் என்றும் இல்லை, பெயரும் இல்லை. கிழக்கே இருந்து வந்த ஞானிகள், அவ்வளவுதான். பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் 'சாஸ்திரிகள்'. பரிசுகள்தான் மூன்று. மொத்தமே 12 வசனம். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களெல்லாம் பிற்கால மரபு. எழுதும்போது எண்ணிக்கையைச் சொல்லாமல் விடலாம். மேடையில் முடியாது. எத்தனை கிரீடம் செய்யணும்னு யாராவது ஒருத்தர் கேட்டே தீருவார். ஆக, நம்ம நாடகமே ஏற்கெனவே ஒரு தழுவல்தான்.

முதல் வழி, இலங்கையில் மன்னார். அங்கே கத்தோலிக்கக் கூத்து மரபு ரொம்ப வலுவானது. பல இரவு ஆடுகிற நாடகம் உண்டு, அதையே ஒரே இரவுக்குச் சுருக்கிய வாசாப்பும் உண்டு. ஏடும் கையெழுத்துக் கொப்பியும் அண்ணாவிமார் கையில் இருந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இவற்றில் சிலதைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார்: 1964இல் 'என்றிக் எம்பரதோர்', 1966இல் 'மூவிராசாக்கள் நாடகம்', 1967இல் 'ஞானசவுந்தரி'. அவர் கதையா மாத்தி எழுதலை. நாடகத்தை நாடகமாவே காப்பாத்தினார். ஆனா அச்சுல 'தரு', 'விருத்தம்'னு தலைப்புதான் நிக்கும். மெட்டு தெரிஞ்ச ஆள் இருந்தாத்தான் அது பாட்டு.

இரண்டாவது வழி, அமெரிக்கா. 1951 டிசம்பர் 24ஆம் தேதி என்பிசி தொலைக்காட்சியில் 'அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்' என்ற ஓபரா ஒளிபரப்பானது. எழுதி இசையமைத்தவர் ஜான் கார்லோ மெனோட்டி. இத்தாலியில் வளர்ந்தவர். அவரோட சின்ன வயசுல பரிசு கொண்டு வந்தது சாண்டா இல்லை, மூணு ராஜாக்கள்தான். பெத்லகேம் போகிற வழியில் அவர்கள் ஓர் ஏழைத் தாயின் வீட்டில் தங்குகிறார்கள். மகனுக்குக் கால் ஊனம். ராத்திரி அந்த அம்மா ராஜாவோட தங்கத்தைத் திருடப் பார்க்கிறாள். அடுத்த வருஷமே, 1952இல், பிரான்சஸ் ஃப்ராஸ்ட் என்ற கவிஞர் இதைக் கதைப் புத்தகமாக்கினார். ஓபராவின் வசனங்களை அப்படியே வைத்துக்கொண்டு, இடையில் வர்ணனையைச் சேர்த்தார். அங்கேதான் சவால். திருடப் போகிற தாயின் தவிப்பை மேடையில் குரலும் இசையும் சுமக்கும். புத்தகத்தில் அது மொத்தமும் வாக்கியத்தின் தலையில் விழுது.

மூன்றாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. பார்பரா ராபின்சன் 1972இல் எழுதிய 'தி பெஸ்ட் கிறிஸ்துமஸ் பேஜன்ட் எவர்'. இது பைபிள் கதையைத் திருப்பிச் சொல்லலை. ஒரு சர்ச்சில் நாடகம் போடுறதைப் பத்தின நாவல். ஊரே பயப்படுகிற ஹெர்ட்மன் வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் முக்கிய வேஷங்களையெல்லாம் பிடுங்கிக்கிறாங்க. அவங்க அந்தக் கதையை அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லை. அதனால ஏரோது மேல அவங்களுக்கு நிஜமாவே கோபம் வருது. ராஜா வேஷம் போட்ட பசங்க கொண்டு வர்ற காணிக்கை? சர்ச் தர்மமா அவங்க வீட்டுக்கே கொடுத்த பன்றித்தொடை இறைச்சி. அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய பொருள் இல்லை.

நண்பனுக்கு என் பதில் இதுதான். நாவலுக்கு ராபின்சன் வழி. நம்ம வாசகருக்குப் பெத்லகேம் கதை தெரியும், திரைக்குப் பின்னாடி நடக்கிறது தெரியாது. யாருக்கு மரியாள் வேஷம்னு நடக்கிற சண்டை, வருஷா வருஷம் ஏரோதாவே நிக்கிற அண்ணன், தாடி ஒட்டுற பசை. நாவல் அங்கே இருக்கு.

ஆனா ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி வித்தியானந்தன் செஞ்ச வேலையைச் செய்யணும். உபதேசியார் தாத்தாவோட நாடக நோட்டை ஒவ்வொரு பக்கமா போட்டோ எடு. அவரைப் பாடச் சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணு, ஏன்னா மெட்டு நோட்டுல இல்லை. வசனம் எழுதினவங்க பெயரைக் கேட்டுக் குறிச்சுக்கோ, அது புத்தகத்துல வரணும். நாவல் அடுத்த டிசம்பருக்குக்கூட வரலாம். தாத்தாவுக்கு இப்பவே மூச்சு வாங்குது.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு நோட்டு இருந்தா, இந்த லீவுல போய் எடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.