விளக்கின் வாடை

பேச்சு வன்மை பிறவியில் வருவது என்று சொல்லிவிட்டால் நமக்குச் சௌகரியந்தான். மேடைப் பக்கமே போகாமல் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? அந்தச் சௌகரியத்தைக் கெடுத்தவர் ஒருவர் கிரீஸ் தேசத்தில் இருந்தார்.

ஏதென்ஸ் நகரத்து டெமாஸ்தனிஸ் பிறந்தது கி.மு. 384-ல். தந்தை வாள் பட்டறை நடத்திய செல்வர். ஏழு வயதில் தந்தையை இழந்த பிள்ளையின் சொத்தைக் காப்பாளர்கள் மூவர் கரைத்துவிட்டார்கள். அவ்வூர் வழக்கு மன்றத்தில் வாதி தானே எழுந்து பேச வேண்டும். இருபது வயதில் பேசினார், ஜெயித்தார், திரும்பி வந்த சொத்தோ சொற்பம்.

அந்தத் தைரியத்தில் மக்கள் சபையில் எழுந்தபோது கூட்டம் சிரித்தது. மெலிந்த குரல், திக்கும் நாக்கு, பாதி வாக்கியத்தில் நின்று போகும் மூச்சு. மனம் உடைந்து வீடு திரும்பியவரிடம் ஸாடிரஸ் என்ற நடிகர், ஒரு நாடகப் பகுதியைச் சொல்லச் சொன்னாராம். பிறகு அதே பகுதியைத் தாம் சொல்லிக் காட்டினாராம். வரிகள் அவைதாம், ஆனால் அது வேறு பாட்டாக இருந்தது!

அதன் பின் டெமாஸ்தனிஸ் நிலவறை ஒன்றில் புகுந்தார். வெளியே போகும் ஆசை வராதிருக்க, தலையில் ஒரு பக்கத்தை மட்டும் சிரைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே பயின்றார் என்கிறார் புளூட்டார்க். அவர் நானூறு ஆண்டுகளுக்குப் பிந்தியவர். கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். ஆனால் வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகியதை, முதுமையில் டெமாஸ்தனிஸே சொல்லக் கேட்டவர் ஒருவர் எழுதி வைத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

தயார் செய்யாத நாளில், சபை பெயர் சொல்லி அழைத்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். "இவர் வாதங்களில் விளக்குத் திரியின் வாடை அடிக்கிறது" என்று எதிரிகள் கேலி செய்தார்கள். இரவெல்லாம் விழித்து எழுதினார் என்பதற்கு அதைவிட நற்சாட்சி வேறு என்ன வேண்டும்?

இத்துடன் கதையை முடித்தால் பள்ளிப் பாடமாகிவிடும். கி.மு. 346-ல், புகழ் பெற்ற பிறகு, மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் தூது போனார். எந்த மன்னனைச் சபையில் கிழித்தெறிந்தாரோ, அதே மன்னன் எதிரே நா எழவில்லை! மன்னனே தைரியம் சொல்லியும் பேச்சு வரவில்லையாம். இதைச் சொன்னவர் பரம வைரியான ஏஸ்கினிஸ், மிகைப்படுத்தியிருக்கலாம். முழுப் பொய் என்று நான் நினைக்கவில்லை.

ஏனென்றால் பயிற்சி பயத்தைக் கொல்வதில்லை. விழுந்தவன் மறுபடி எழுந்து நிற்கக் காலுக்கு வலுவைத் தருகிறது; அவ்வளவுதான். அது போதும் என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. கி.மு. 330-ல் அதே ஏஸ்கினிஸ் தொடுத்த வழக்கில் டெமாஸ்தனிஸ் எழுந்து பேசினார். ஏஸ்கினிஸ் பக்கம் ஐந்தில் ஒரு பங்கு வாக்குக்கூட விழவில்லை. தோற்றவர் ஊரையே விட்டுப் போனார்.

பிலிப்பின் முன்னே நாக்கு ஒட்டிக்கொண்ட மனிதர் அன்றே வாயை மூடியிருந்தால், கிரேக்க நாட்டின் தலை சிறந்த பேச்சு ஒன்று உலகுக்குக் கிடைத்திராது.