மறைத்தால் வளரும் மரு: சத்திரசிகிச்சை எப்போது தேவை?

பிறப்புறுப்பிலோ குதவாயைச் சுற்றியோ வரும் மரு பெரும்பாலும் சிறியது, வலிக்காது. அதனால்தான் பலர் அதை வெளியே சொல்வதில்லை. நாட்சம்பளத்தை நம்பி வாழும் தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாள் பேர் போய்விடும். லயத்தில் இரகசியம் காப்பதும் எளிதல்ல. இப்படித் தள்ளிப்போடப்படும் மரு, மிக அரிதாக, பூக்கோவாவைப் போலப் பல சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்ந்துவிடும். துர்நாற்றம், இரத்தக்கசிவு, நடக்கவும் உட்காரவும் முடியாத நிலை என அது நீளும்.

இந்தப் பாரிய மருவுக்கு புஷ்கே-லோவன்ஸ்டைன் கட்டி என்று பெயர். 1925ஆம் ஆண்டு இதை விபரித்த இரு ஜேர்மனிய வைத்தியர்களின் பெயர்கள் அவை.

காரணம் என்ன?

எச்பிவி எனும் வைரஸின் 6, 11ஆம் வகைகளே முக்கிய காரணம். பாலுறவின்போது தோலோடு தோல் படுவதால் இது தொற்றுகிறது. தொற்றிப் பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்தும் மரு தோன்றலாம். ஆகவே மரு வந்ததை வைத்துக் கணவனையோ மனைவியையோ சந்தேகிப்பதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. எச்ஐவி போன்றவற்றால் நோயெதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் மரு வேகமாக வளரக்கூடும்.

சிகிச்சை

சிறிய மருக்களை மருந்து பூசியோ, குளிரூட்டி உறையவைத்தோ, மின்சூட்டினால் சுட்டோ அகற்றலாம். பாரிய கட்டிக்கு இவை போதாது. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல தோலில் சிறிதளவையும் சேர்த்து முழுமையாக வெட்டி அகற்றுவதே பிரதான வழி. எவ்வளவு ஆழம் பரவியுள்ளது என்பதை முன்கூட்டியே ஸ்கேன் மூலம் பார்ப்பார்கள். காயம் பெரிதானால் உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். குதவாயைச் சுற்றிய காயம் ஆறும்வரை, சிலருக்கு வயிற்றின் வழியே தற்காலிகமாக மலம் வெளியேற வழி செய்யப்படும்.

அகற்றிய கட்டி முழுவதையும் ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பது கட்டாயம். வெளியே சாதாரண மருவாகத் தெரிவதன் உள்ளே புற்றுநோய் இருக்கக்கூடும். கட்டி மீண்டும் வருவதும் வழமை என்பதால், காயம் ஆறியதும் கிளினிக் போவதை நிறுத்தக்கூடாது.

எங்கே போவது?

அரசாங்க பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும். மாவட்ட வைத்தியசாலையில் விசாரித்தால் அருகிலுள்ள நிலையத்தைச் சொல்வார்கள். துணைவரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பெண்கள் 35, 45 வயதுகளில் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையையும் தவறவிடக்கூடாது.

2017 முதல் பாடசாலைகளில் 6ஆம் தரச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி வழங்கப்படுகிறது. ஏற்கெனவே வந்த மருவை அது குணமாக்காது. ஆனால் மகளுக்கு அந்தப் படிவம் வீட்டுக்கு வரும்போது பெற்றோர் தயங்காமல் கையெழுத்திடலாம்.