தோளில் ஏறிய கொடைக்கானல்

கொடைக்கானலின் கதையைச் சொல்பவர்கள் சில பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1821ல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, 1845ல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மதுரை மிஷன், 1863ல் ஏரியை உண்டாக்கிய கலெக்டர் லெவிஞ்ச், 1872ல் மலை விளிம்பில் நடைபாதை அமைத்த கோக்கர். இவர்கள் செய்த வேலையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கோடை வாசஸ்தலம் என்பது ஒருமுறை கட்டிவிட்டால் தானே நடக்கும் ஊரல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பூஞ்சணம் துடைத்து, ஒழுகும் கூரையைச் சரிசெய்து, கணப்புக்கு விறகு அடுக்கி, அரிசி முதல் மண்ணெண்ணெய் வரை நிரப்பினால்தான் சித்திரையில் துரைமார் குடும்பத்தோடு வந்து இறங்க முடியும். ஆண்டுதோறும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களும் அந்த ஊரை உண்டாக்கியவர்களே.

இதற்குப் பெரிய சான்று மலைப்பாதைதான். 1875ல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்துவிட்டது. அந்த ஸ்டேஷனைத்தான் இன்று கொடை ரோடு என்கிறோம். அங்கிருந்து பெரியகுளம் பக்கத்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் குதிரை, டோலி, தலைச்சுமை. வண்டிகள் ஏறும் சாலை 1916ல்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. ஆக, முதல் பங்களா எழுந்து எழுபது ஆண்டுகளுக்கு, சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊருக்கு அடிவாரத்திலிருந்து போன எதுவும் மனிதர்களின் தோளிலோ கால்நடைகளின் முதுகிலோதான் போயிருக்க வேண்டும். ஏரியில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பார்கள். அது ஒற்றையடிப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் எப்படித் திரும்பியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே உழைப்பின் அளவு விளங்கும். 1899ல் சென்னையிலிருந்து இங்கே மாறிய சூரிய ஆய்வுக்கூடத்தின் கருவிகளும் சாலைக்கு முந்தியவைதான்.

குளிர்ச்சி இயற்கை தந்தது, அதைக் கண்டறிந்தவர்களுக்கே பெருமை என்று ஒருவர் வாதிடலாம். குளிர்ச்சி மட்டும் போதுமென்றால் சிறுமலையே போதுமாயிருக்கும். சமவெளியின் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த மிஷனரிகள் முதலில் அங்கேதான் போனார்கள், மலைக்காய்ச்சல் விரட்டியது. கண்டறிந்த பெருமையும் முழுதாகச் செல்லாது. வார்டு ஏறிவந்தது வெள்ளகவி வழியாக. அங்கே ஏற்கெனவே ஊர் இருந்தது, பாதையும் இருந்தது. பூம்பாறையிலும் வில்பட்டியிலும் மக்கள் படிக்கட்டு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். ஆளில்லாத மலையில் யாரும் பங்களா கட்டவில்லை.

கூலி வாங்கிக்கொண்டுதானே சுமந்தார்கள், அதில் வரலாற்றுப் பெருமை எங்கே என்பது இன்னொரு மறுப்பு. கலெக்டரும் சம்பளம் வாங்கியவர்தான். இருவருக்கும் உள்ள வேறுபாடு, ஒருவர் பெயர் ஏட்டில் ஏறியது, மற்றவர் பெயர் ஏறவில்லை என்பதே. சாலை வந்ததும் சுமப்பவர் காலம் முடிந்துவிட்டது என்பதும் சரியல்ல. டோலி போனது, தயாரிப்பு போகவில்லை. விடுதிகளைத் துடைப்பவரும், தண்ணீர் லாரி ஓட்டுபவரும், குப்பை அள்ளுபவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். கூட்டம் தாங்காமல் 2024 மே முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகியிருக்கிறது. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று இப்போதாவது கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கணக்கில், வருகிறவர்களுக்காக ஊரை ஆயத்தம் செய்கிறவர்களின் கூலியையும் குடியிருப்பையும் குடிநீரையும் சேர்க்க வேண்டும்.