அரைவாழ்வும் தூரமும்: அணு மருத்துவப் படிமவியலின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடிப்பு நோயாளியைச் சென்றடையும் பாதை அதில் இடம்பெறுவது அரிது. அணு மருத்துவப் படிமவியலை மன்னார்-பூநகரி வீதியிலுள்ள வெள்ளாங்குளத்திலிருந்து நோக்குமிடத்து இக்குறைபாடு தெளிவாகப் புலனாகும்.

கதிரியக்கப் பொருளைச் சுவடுகாட்டியாகப் பயன்படுத்தும் முறையை 1913இல் கெவெசி தொடக்கிவைத்தார். எனினும், அது பெருமளவில் மருத்துவமனைகளை அடைவதற்கு, அணுகுண்டை ஆக்கிய அரசின் உலைகள் வேண்டியிருந்தன. ஹிரோஷிமா அழிந்து ஓராண்டு நிறைவதற்குள், 1946 ஓகஸ்டில், ஓக் ரிட்ஜ் உலையின் முதலாவது சமதானி அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவமனையொன்றுக்கு அனுப்பப்பட்டது. அழிவும் ஆக்கமும் ஒரே உற்பத்தி அமைப்பிலிருந்து தோன்றின.

இன்று படிமம் எடுப்பதற்கு மிகுதியாகப் பயன்படுவது தெக்னீசியம்-99எம். உடலிற் செலுத்தப்பட்ட அப்பொருள் சேரும் உறுப்பிலிருந்து வெளிவரும் காமாக் கதிர்களைக் கமரா பதிவுசெய்யும். எக்ஸ் கதிர் உறுப்பின் வடிவைக் காட்டும். இதுவோ அதன் தொழிற்பாட்டைக் காட்டும். அதன் அரைவாழ்வுக் காலம் 6 மணித்தியாலமே. ஆதலின் களஞ்சியப்படுத்தல் இயலாது. 66 மணித்தியால அரைவாழ்வுடைய மொலிப்டினம்-99இலிருந்து அதனை வேண்டியபோது பிரித்தெடுக்கும் பிறப்பாக்கியை 1950களின் பிற்பகுதியில் புரூக்கேவன் ஆய்வுகூடத்தினர் உருவாக்கினர். போதிய சந்தை இராதெனக் கருதப்பட்டமையால் அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. பரிமாற்றப் பெறுமதியையே அளவுகோலாகக் கொண்டோருக்குப் பயன்பெறுமதி புலப்படவில்லை.

பிறப்பாக்கியும் ஏறத்தாழ ஒரு வாரமே பயன்தரும். அதற்கான மொலிப்டினம் உலகின் மிகச் சில உலைகளிலேயே பெருமளவில் உற்பத்தியாகிறது. 2009 மே மாதம் கனடாவின் சோக் றிவர் உலை பழுதுற்று 15 மாதங்கள் மூடப்பட்டபோது பல நாடுகளிலும் பரிசோதனைகள் பின்போடப்பட்டன.

இலங்கையில் அணு உலை இல்லை. 1969ஆம் ஆண்டின் சட்டத்தால் அணுசக்தி அதிகாரசபை உருவாயிற்று. பேராதனை மருத்துவ பீடத்தில் அணு மருத்துவப் பிரிவு அமைந்தது. இவை மக்கள்நலன் சார்ந்த பேறுகளே. ஆயினும், வெள்ளாங்குளத்து மீனவரோ கமக்காரரோ பேராதனைக்கு வரவேண்டியிருப்பின், அவரது நாளுழைப்பும் உடன்வருபவரின் கூலியும் பயணத்திலேயே கழியும். அரசாங்க வைத்தியம் இலவசம், பயணம் இலவசமன்று.

அரைவாழ்வு இயற்கையின் விதி; எந்த அரசும் அதனை மாற்றவியலாது. தூரமோ சமூகத்தின் ஆக்கம். கமரா எங்கே நிறுவப்படும், பயிற்சிபெற்றோர் எங்கே நியமிக்கப்படுவர், வீதி எவ்வழியே செல்லும் என்பவற்றை மனிதரே தீர்மானிக்கின்றனர். மனிதர் தீர்மானித்ததை இயற்கையின் நியதியென மயங்காதிருப்பதே இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.